அக்கா ஃபேக்டரி

இந்த அறையின் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிடுகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், கேட்காது. எனக்குக் கேட்கிறது. இருபது வருடமாக இந்தக் காதை நம்பித்தான் சாப்பிடுகிறேன்.

விசாரணை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டீர்கள். நன்றி. ஆனால் உங்கள் கோப்பில் ஒரு பிழை இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. பிழை திருத்துவது என் தொழில். அரை மணி நேரம் கொடுங்கள்.

நான் குரல் எடிட்டர். அப்படி ஒரு வேலை இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பாடுபவர் ஒரே வரியை நாற்பது தடவை பாடுவார். நாற்பதிலும் எங்காவது ஒரு நொட்டை இருக்கும். நான் ஏழாவது தடவையில் முதல் வார்த்தையை எடுப்பேன், இருபத்திரண்டாவதில் அடுத்த வார்த்தையை எடுப்பேன், கடைசி எழுத்தின் இழுப்பை மட்டும் முப்பத்தொன்பதாவதிலிருந்து வெட்டுவேன். எல்லாவற்றையும் ஒட்டி, ஒட்டிய தடம் தெரியாமல் தேய்ப்பேன். கேட்பவர் "என்ன குரல்டா!" என்று உருகுவார். நான் ஒழுங்காக வேலை செய்திருந்தால், அங்கே நான் இருந்ததே யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

என் தங்கையை ஊர் உலகம் சில்லு என்று அழைக்கிறது. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அவளுடைய முதல் ஆல்பத்தை எங்கள் வீட்டு அலமாரிக்குள் பதிவு செய்தோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றாவது மாடி, இரண்டே அறை. பெரிய அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே அவளை நிறுத்தி, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்தினேன். துணி எதிரொலியை விழுங்கிவிடும். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை அம்மா குக்கர் வைக்கக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, தும்மக் கூடாது.

"என் வீட்டுல நான் தும்முறதுக்கு உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமாடி?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்த் தும்மிவிட்டு வருவாள்.

பதினோரு பாடல், பத்து மாதம். சில்லுவின் குரலில் ஒரு வசீகரம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுருதி நிற்காது. மூச்சு எடுத்தால் தண்ணீர் வராத குழாயைத் திறந்ததுபோல இருக்கும். அந்த மூச்சை எல்லாம் நான் வெட்டி எறிந்தேன். அவள் இல்லாத நேரத்தில் அதே அலமாரிக்குள் நின்று என் மூச்சைப் பதிவுசெய்து அந்த இடங்களில் வைத்தேன். அந்த ஆல்பத்தில் சில்லு எங்கெல்லாம் மூச்சு வாங்குகிறாளோ, அங்கெல்லாம் வாங்குவது நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆல்பம் ஓடியது. எப்படி ஓடியது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் செல்போனில்கூட இருந்திருக்கும்.

பிறகு தொப்பி வந்தான். இரண்டாவது ஆல்பத்தின் தயாரிப்பாளர். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத ஆள். அந்தத் தலைக்குள் அப்படி என்னதான் இருக்கிறதோ, வெயில் படாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அவன் ஒரு முடிவோடுதான் வந்தான். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்பது, சில்லு நடுவில் நின்று பாடுவது, ஒரே டேக். எடிட் கிடையாது.

நான் எதிர்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். நான்காவது பாடலின் கடைசி வரியில் சில்லுவின் குரல் உடைந்தது. பிளாஸ்டிக் டப்பாவை மிதித்ததுபோல ஒரு சத்தம்.

"அந்த ஒரு இடம் மட்டும் நான் சரிபண்ணித் தரேன். பத்து நிமிஷம் போதும்" என்றேன்.

தொப்பி நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான். "மேடம், அந்த ஒரு இடத்துக்காகத்தான் ஆறு நாளா உக்காந்திருக்கேன். தயவுசெஞ்சு தொட்டுடாதீங்க."

சில்லு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். "அக்காவுக்குக் கை அரிக்குது பாருங்க. யாராவது ஒரு துண்டு நூலாவது குடுங்களேன், தைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது ஆல்பம் வெளிவந்த வாரம், ஒரு பத்திரிகையில் முழுப்பக்க விமர்சனம். இன்றும் எனக்கு வரி வரியாக மனப்பாடம். 'முதல் ஆல்பத்தில் இந்தக் குரலை யாரோ பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். இப்போதுதான் பிரித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு உயிருள்ள பெண் இருந்திருக்கிறாள். அவளை மூச்சுத் திணற வைத்த அந்தக் கை யாருடையதோ, அது இனி எந்தக் குரலையும் தொடாமல் இருக்கட்டும்.'

பத்து மாதம், பதினோரு பாடல். ஒரு வார்த்தைக்கு நாற்பது டேக் கேட்ட கை அது. அந்த விமர்சகர் முதல் ஆல்பம் வந்தபோது என்ன எழுதினார் தெரியுமா? 'காற்றைப்போல மூச்சுவிடும் குரல்.' அது என் மூச்சு. அவர் உருகியதும் என்னைக் கேட்டு, திட்டியதும் என்னைக் கேட்டு. அந்த ஆளுக்கு இரண்டு காது இருப்பது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான்.

பத்திரிகைக்காரன் யாரோ ஒருத்தன் எழுதினான் என்று விட்டுவிடலாம். விட்டும்விட்டேன். ஆனால் அதே வாரம் சில்லு ரேடியோ பேட்டிக்குப் போனாள். முதல் ஆல்பத்துக்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார்கள்.

"ஐயோ, அதுவா? அது அக்கா ஃபேக்டரி தயாரிப்பு. என்னை மாதிரியே ஒரு பொம்மை செஞ்சு, அதைப் பாட வச்சாங்க. நான் அலமாரிக்குள்ள துணிக்கு நடுவுல நின்னுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான் என் பங்கு."

அந்த நிகழ்ச்சியை நடத்தியவன் இரண்டு நிமிடம் சிரித்தான். மறுநாள் அது எல்லோருடைய செல்போனிலும் இருந்தது. ஒரு வாரத்தில் பனியனில் அச்சடித்து விற்றார்கள். மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் 'அக்கா ஃபேக்டரி, இழுத்து மூடப்பட்டது' என்று எழுதியிருந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கினேன்.

"சின்னப் பொண்ணு ஏதோ விளையாட்டாச் சொன்னா. அதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு..." என்றாள் அம்மா.

"அவளுக்கு இருபத்தாறு வயசும்மா."

"உனக்கு எப்பவும் சின்னவதானே. விடு."

விட்டேன். அதையும் விட்டேன். நான் எவ்வளவு விட்டேன் என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் கச்சேரிப் பயணம் தொடங்கியது. நாற்பத்தைந்து ஊர். சில்லு என் அறைக்கு வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என் காதுக்கு நீ வேணும். வேற யாரையும் உள்ள விட மாட்டேன்."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். பெரிய மேடையில் பாடுபவருக்கு, கூட்டம் கேட்கும் சத்தம் சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் இயர்பீஸ் மாட்டியிருப்பார். அதற்குள் வருவதுதான் அவருக்கு உலகம்: தன் குரல், தாளம், கிட்டார். மேடையின் ஓரத்தில் ஒரு மேஜை இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள்தான் அந்த உலகத்தைக் கலந்து கொடுப்பவர். மானிட்டர் மேஜை என்போம். அந்த மேஜைக்குத்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள். பொம்மை செய்பவள் என்று உலகத்துக்கே சொன்னவள், தன் இரண்டு காதையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவளுக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. அதுதான் சில்லு.

முதல் மூன்று கச்சேரியும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். அதைவிடச் சுத்தமான கலவையை நீங்கள் கேட்டிருக்க முடியாது. நான்காவது பாடல் வரும்போதெல்லாம் ஒன்று நடக்கும். கடைசி வரியில் அவள் குரல் உடையும் இடம் இருக்கிறதே, அதைக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடும். பன்னிரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் தொண்டையை உடைத்துக்கொள்வதை நீங்கள் கேட்டதுண்டா? நான் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய ஒரு பிழை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணீர் விட்டுப் பாடினார்கள்.

நான்காவது கச்சேரியில் அந்தப் பாட்டு முடிந்ததும் சில்லு மைக்கைப் பிடித்தாள். "உங்களுக்கு ஒருத்தரை அறிமுகப்படுத்தணும். அந்த ஓரத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்கதான் அக்கா ஃபேக்டரி ஓனர். நல்லாக் கை தட்டுங்க!"

வெளிச்சத்தை என்மேல் திருப்பினார்கள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நான் எழுந்து வணக்கம் வைத்தேன். உட்கார்ந்ததும், அடுத்த பாட்டு தொடங்குவதற்குள், லிமிட்டரை நீக்கினேன்.

லிமிட்டர் என்பது ஒரு பூட்டு. இயர்பீஸில் சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் காதைக் காப்பாற்றுவது. மேஜையில் அது ஒரு சின்னப் பொத்தான். பச்சை விளக்கு அணைந்தால் பூட்டு இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு அவள் காதுக்குப் போகும் சத்தத்தை அரை டெசிபல் ஏற்றினேன். அதற்குமேல் இல்லை. அடுத்த ஊரில் இன்னொரு அரை. அரை டெசிபல் வித்தியாசம் மனிதக் காதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒரே நாளில் ஏற்றியிருந்தால் இயர்பீஸைப் பிடுங்கி எறிந்திருப்பாள். அவசரப்படுபவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

நடுவில் சில நாள் ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டுப் பாடப் பார்த்தாள். கூட்டத்தின் சத்தம் நேராகக் கேட்க வேண்டுமாம். "ரெண்டையும் போட்டுக்கோ சில்லு. ஒண்ணைக் கழட்டினா இன்னொரு காதுதான் கஷ்டப்படும்" என்றேன். உண்மையான அறிவுரைதான். எந்த மருத்துவரைக் கேட்டாலும் அதையே சொல்வார். நல்ல பிள்ளையாக இரண்டையும் மாட்டிக்கொண்டாள்.

பதினாறாவது கச்சேரிக்கு மறுநாள் காலை, தங்கியிருந்த விடுதியில், தோசைக்கரண்டியை விழுங்கியவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, காதுக்குள்ள கொய்ங்னு ஒரு சத்தம். மூணு நாளா நிக்கவே இல்ல. டாக்டர்கிட்ட போலாமா?"

"போலாம். போனா, ரெண்டு மாசம் பாடாதேன்னு சொல்வார். தொப்பிகிட்ட நீயே சொல்லிடறியா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வா, நானே டெஸ்ட் பண்றேன். காதைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

ஜன்னலோரம் நாற்காலியில் என் பக்கம் முதுகு காட்டி உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். ஒவ்வொரு சத்தமாக அனுப்பினேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அடித்தொண்டை ஒலிகளுக்குத் தூக்கினாள். நடு ஒலிகளுக்குத் தூக்கினாள். மேலே போகப் போக, பறவைக் கீச்சு, சாவிக் கொத்து, 'ஸ' என்ற எழுத்தின் விசில், இந்த இடத்துக்கு வந்தபோது கை மடியிலேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். மடியிலேயே இருந்தது. இன்னும் கூட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அடுத்த சத்தத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். அது ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "எல்லாம் கச்சிதமா இருக்கு. வெறும் அசதி."

என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றாள்.

அன்று நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் பாதியில் விட்ட வேலை எனக்குப் பிடிக்காது.

இருபதாவது கச்சேரிக்குப் பிறகு ஏற்ற வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. அவளே கேட்க ஆரம்பித்தாள். பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலால் மேலே காட்டுவாள். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். கொடுத்தேன். மறுபடி காட்டுவாள். மறுபடி அரை கொடுத்தேன். கேட்டதைக் கொடுக்கும் அக்கா என்று இசைக்குழுவே என்னைப் புகழ்ந்தது.

ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அன்றைய அளவுகளை ஒரு ஃபைலாகச் சேமித்தேன். எண் போட்டு, தேதி போட்டு, பாட்டு வாரியாக. கருவி வாடகைக்காரர்கள் அதைத்தான் கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்தார்கள். ஏன் அழிக்கவில்லை என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எடிட்டர்கள் எதையும் அழிக்க மாட்டோம் சார். இருபது வருடத்தில் ஒரு டேக்கைக்கூட நான் அழித்ததில்லை. எது எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

சுருதி விலக ஆரம்பித்தது. அரைக்கட்டை கீழே பாடினாள், அவளுக்கே தெரியவில்லை. பத்திரிகைகள் அதையும் கொண்டாடின. 'மேடைக்கு மேடை புதிய துணிச்சல்' என்று எழுதினார்கள். காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தடுமாற்றத்தைத் துணிச்சல் என்று எழுதிய இவர்களிடம்தான் என் வேலை தோற்றுப்போனது. இதை மட்டும் இரண்டு முறை எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பத்தொன்றாவது கச்சேரி. அதைப் பற்றி மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என் மேஜையிலிருந்து பார்த்ததை நான் சொல்கிறேன். நான்காவது பாட்டு. தாளக்காரர் குச்சியைத் தட்டி எண்ணிக்கொடுத்தார். இசை தொடங்கியது. சில்லு பாடவில்லை. என் பக்கம் விரலைத் தூக்கினாள். ஏற்றினேன். மறுபடி தூக்கினாள். அதற்குமேல் மேஜையில் இடம் இல்லை. நான் கையை விரித்துக் காட்டினேன்.

இரண்டு இயர்பீஸையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அவள் பாட மறந்துவிட்டாள் என்று நினைத்து, அவளுக்காக அவர்களே பாட ஆரம்பித்திருந்தார்கள். கூரை அதிர்ந்தது. என் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது.

சில்லு என்னைப் பார்த்து, மைக்கில் கேட்டாள்:

"அக்கா, ஏன் எல்லாரும் அமைதியா இருக்காங்க?"

அந்த மேடையில் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். வலது காது முழுதும் போயிற்று. இடதில், தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல ஏதோ மிச்சம் இருக்கிறது என்கிறார்கள். திரும்பாது என்றும் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் கோப்பிலுள்ள பிழைக்கு வருகிறேன். இன்று காலை சில்லு உங்களிடம் எழுதிக்கொடுத்த காகிதத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'அக்காவுக்கு அந்த மேஜை எல்லாம் சரியாத் தெரியாது. அவளுக்கு எடிட்டிங் மட்டும்தான் வரும். நான்தான் பிடிவாதமாக் கூட்டிட்டுப் போனேன். தெரியாம ஏதோ பொத்தானை மாத்தி அழுத்தியிருப்பா. பாவம், விட்டுடுங்க. கேஸ் எல்லாம் வேணாம்.' அதைப் படித்து முடித்துத்தான் பேனாவை மூடி, நீங்கள் போகலாம் என்றீர்கள்.

தெரியாமலா?

முப்பத்தெட்டு கச்சேரி, அரை அரையாக. ஒரு நாள்கூடத் தாண்டாமல், ஒரு நாள்கூடக் குறையாமல், பக்கத்தில் நின்ற எட்டுப் பேருக்குத் தெரியாமல், காதில் மாட்டியிருந்தவளுக்கே தெரியாமல். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சுத்தமான வேலை அது. அதையும் அவள் பொத்தான் மாறிப்போன கதையாக ஆக்கிவிட்டாள். மன்னித்துவிட்டாளாம். பாவமாம். பேனாவைத் திறங்கள். நான் செய்தேன், தெரிந்து செய்தேன், முதல் அரை டெசிபலிலிருந்தே எங்கே போய் முடியும் என்று தெரிந்துதான் செய்தேன். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? அவள் என் தங்கை.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? கதவைச் சாத்தவா? அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கும் தெரிகிறது. அம்மா வண்டி பிடிக்கப் போயிருக்கிறாள், என்னைச் சேர்த்து மூன்று பேருக்கு. பாருங்கள், கை காட்டுகிறாள். நானும் காட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவாள்.

கதவு திறந்தே இருக்கட்டும் சார். அவளுக்குக் கேட்காது.